கருவி படிக்காவிட்டால்?



ஸ்ரீவில்லிபுத்தூருக்கு நீங்கள் வந்ததுண்டா? மடவார் வளாகத்தில் வைத்தியநாத சுவாமி கோயிலைப் பார்த்துவிட்டு, ஆண்டாள் கோயில் கோபுரத்தையும் அண்ணாந்து பார்த்துவிட்டு ஊர் திரும்புகிறவர்கள், ஒரு பொட்டலம் பால்கோவா வாங்காமல் போவது அபூர்வம். 2019ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்ற பால்கோவா அல்லவா!

பால்கோவா இரண்டு விதமாக விற்பனையாகிறது. தட்டிலிருந்து எடுத்து, எடை போட்டுக் கட்டித் தருவது ஒன்று. முன்பே நிறுத்துப் பெட்டியில் அடைத்து வைத்திருப்பது மற்றொன்று. முதல் வகையில் கடைக்காரரின் கண்ணும் கையும் கணக்குப் பார்த்துவிடும். இரண்டாம் வகையில், பெட்டியின் ஓரத்தில் கறுப்புக் கோடுகள் அச்சிடப்பட்டிருந்தால், அவற்றின்மீது ஒரு கருவியைக் காட்டுகிறார்கள். 'பீப்' என்று ஓர் ஒலி. கணிப்பொறித் திரையில் பொருளின் பெயரும் விலையும் வந்துவிடுகின்றன.

இந்தக் கருவியை ஒரு வலைப்பக்கத்தோடு இணைப்பது இன்று பெரிய வித்தையல்ல. கொஞ்சம் நிரல் எழுதத் தெரிந்த பத்தாம் வகுப்பு மாணவர்கூடச் செய்துவிடலாம். எப்படிச் செய்வது என்று சொல்லித் தருபவர்கள் பலர் இருக்கிறார்கள். செய்யும்போது எதை மறக்கக் கூடாது என்று சொல்பவர்கள்தாம் குறைவு. அதைப் பற்றியே இந்தக் கட்டுரை.

கோடுகளுக்குள் என்ன இருக்கிறது?

முதலில் ஒரு சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்வோம். இந்தக் கோடுகளுக்குள் பால்கோவாவின் விலை இல்லை, எடை இல்லை, பெயரும் இல்லை. இருப்பது ஓர் எண் மட்டுமே. கோடுகளுக்குக் கீழே அச்சிட்டிருக்கிறதே, அதே 13 இலக்க எண்! பெயரும் விலையும் கடையின் கணிப்பொறியில் இருக்கின்றன. எண்ணைக் கொண்டு அது அவற்றைத் தேடி எடுக்கிறது. பள்ளியில் உங்கள் வரிசை எண்ணைச் சொன்னதும் ஆசிரியர் வருகைப் பதிவேட்டில் உங்கள் பெயரைப் பார்ப்பதில்லையா? அதுபோலத்தான்.

எண் 890 என்று தொடங்கினால், அதை வழங்கியது 1996இல் தொடங்கப்பட்ட ஜிஎஸ்1 இந்தியா என்ற அமைப்பு. 'அப்படியானால் பொருள் இந்தியாவில் செய்யப்பட்டது' என்று முடிவு கட்டிவிடாதீர்கள். எண் இங்கே வழங்கப்பட்டது என்பதுதான் அதன் பொருள். புத்தகங்களின் பின்னட்டையில் இருக்கும் எண் 978 அல்லது 979 என்று தொடங்கும்.

ஒரு பெட்டியை எடுத்துக் கறுப்புக் கோடுகளை எண்ணிப் பாருங்கள். சரியாக 30 இருக்கும். இரு ஓரங்களிலும் நடுவிலும் இரண்டிரண்டு கோடுகள் காவலுக்கு நிற்கின்றன. மீதி 24 கோடுகளில், ஓர் இலக்கத்துக்கு இரண்டு கோடுகள் வீதம் 12 இலக்கங்கள். பதின்மூன்றாவது எங்கே போயிற்று? முதல் இலக்கத்துக்கென்று தனிக் கோடு கிடையாது. இடப்பக்கத்து ஆறு இலக்கங்களையும் எந்தெந்த வகைக் கோடுகளால் எழுதியிருக்கிறது என்பதிலிருந்தே கருவி அதைக் கண்டுகொள்கிறது. சாமர்த்தியம்தானே?

இந்த யோசனையின் விதை பழையது. அமெரிக்காவில் நார்மன் ஜோசப் உட்லண்ட் என்ற இளைஞர் மயாமிக் கடற்கரை மணலில் உட்கார்ந்து, தந்தியில் பயன்படும் மோர்ஸ் குறியீட்டின் புள்ளிகளையும் சிறு கோடுகளையும் விரலால் கீழ்நோக்கி இழுத்துப் பார்த்தாராம். மெல்லிய கோடுகளும் தடித்த கோடுகளும் கிடைத்தன. அவரும் அவருடைய நண்பர் பெர்னார்டு சில்வரும் 1952இல் இதற்குக் காப்புரிமை பெற்றார்கள். ஆனால் மலிவான லேசரும் சிறிய கணிப்பொறியும் வரும்வரை யோசனை காத்திருக்க வேண்டியிருந்தது. 1974 ஜூன் 26ஆம் நாள், ஒஹாயோ மாநிலத்தின் டிராய் நகரக் கடை ஒன்றில், இன்று நாம் காணும் வகைக் குறியீடு முதன்முதலாக விற்பனையில் படிக்கப்பட்டது. அந்தப் பொருள் ஒரு சூயிங்கம் பொட்டலம்!

கருவி எப்படிப் படிக்கிறது? கோடுகளின்மீது ஒளியைப் பாய்ச்சுகிறது. வெள்ளை இடம் ஒளியைத் திருப்பி அனுப்பும், கறுப்பு விழுங்கிவிடும். திரும்பி வரும் ஒளி கூடுவதையும் குறைவதையும் வைத்து, எந்தக் கோடு எவ்வளவு அகலம் என்று கணக்கிடுகிறது. கோடுகள் ஏன் இவ்வளவு உயரமாக இருக்கின்றன தெரியுமா? மேல்பாதி கீறிப் போனாலும் கீழ்ப்பாதியில் அதே செய்தி அப்படியே இருக்கும் என்பதற்காகத்தான்.

ஸ்கேனர் என்பது ஒரு வேகமான விரல்

இப்போது வலைப்பக்கத்துக்கு வருவோம். கடைகளிலும் நூலகங்களிலும் காணும் சாதாரண ஸ்கேனரைக் கணிப்பொறியில் செருகினால், கணிப்பொறி அதை என்னவென்று நினைக்கிறது? இன்னொரு விசைப்பலகை என்று! ஸ்கேனர் 13 இலக்கங்களையும் ஒன்றன்பின் ஒன்றாகத் 'தட்டி', கடைசியில் என்டர் பொத்தானையும் அமுக்கியதுபோல் ஒரு செய்தி அனுப்புகிறது. அவ்வளவுதான். திரையில் எழுதுவதற்கு ஒரு கட்டம் இருந்தால் போதும். எண் அதில் வந்து விழுந்துவிடும்.

இத்தனை எளிதா என்று மகிழ்ந்துவிடாதீர்கள். அந்த விரலுக்குக் கண் கிடையாது. தான் எங்கே எழுதுகிறோம் என்று அதற்குத் தெரியாது. கட்டத்துக்குள் கண் சிமிட்டிக்கொண்டிருக்கும் சிறு கோடு வேறு கட்டத்துக்குப் போயிருந்தால், எண்ணும் அங்கே போய் விழும். 'எத்தனை பெட்டி?' என்ற கட்டத்தில் 13 இலக்க எண் விழுந்தால் பட்டியலின் கதி என்ன? படிவம் பாதி நிரம்பியிருக்கும்போதே என்டர் செய்தி வந்து, அரைகுறைப் படிவம் பதிவாகிவிடவும் கூடும்.

அடுத்த கண்ணி, பூஜ்யம். நூலகப் புத்தகத்தின் எண் 00457 என்று வைத்துக்கொள்வோம். நிரல் எழுதுபவர் அதைக் கணக்குப் போடும் எண்ணாகச் சேமித்தால், கணிப்பொறி அதை 457 என்று சுருக்கிவிடும். பிறகு 00457ஐத் தேடினால் 'அப்படி ஒரு புத்தகம் இல்லை' என்று சாதிக்கும். புத்தகமோ உங்கள் கையில் இருக்கும்! பார்கோடு எண் கூட்டவோ பெருக்கவோ வந்ததல்ல. அது ஒரு பெயர். பெயரை எழுத்துகளாகவே சேமிக்க வேண்டும்.

மூன்றாவது கண்ணி தமிழர்களாகிய நமக்கே உரியது. ஸ்கேனர் அனுப்புவது எழுத்தை அல்ல. 'இந்த விசை அமுக்கப்பட்டது' என்ற செய்தியை. அந்த விசைக்கு எந்த எழுத்து என்பதைக் கணிப்பொறி தன் விசைப்பலகை அமைப்பைப் பார்த்து முடிவு செய்கிறது. கணிப்பொறி தமிழ்99 அமைப்பில் இருக்கும்போது, ஆங்கில எழுத்துகள் கலந்த குறியீடு ஒன்றைப் படித்தால், 'எச்' என்ற சிறிய எழுத்துக்குப் பதிலாகத் திரையில் 'க' வந்து நிற்கும்! வெறும் இலக்கங்களாக இருந்தால் இந்தத் தொல்லை இல்லை. தமிழில் தட்டச்சு செய்யும் நூலகங்களுக்கு வெறும் இலக்கக் குறியீடே நல்லது என்று நான் சொல்வது இதனால்தான்.

நூலகத்தில் கண்ட காட்சி

இனி நான் சொல்ல வந்த விஷயத்துக்கு வருகிறேன்.

ஒரு நூலகத்தில் நேரில் கண்டது இது. ஒரு சிறுவன் புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்க வந்திருந்தான். நூலகப் பணியாளர் ஸ்கேனரைக் காட்டினார். ஒலி வரவில்லை. மழையில் நனைந்து ஒட்டுச்சீட்டின் மை கரைந்திருந்தது. கீழே இருந்த எண்ணைக் கண்ணால் படிக்க முடிந்தது. பணியாளர் அதை விசைப்பலகையில் அடித்தார். கட்டம் ஏற்க மறுத்தது. மறுபடியும் அடித்தார். மறுபடியும் வெறுமையாயிற்று.

"தம்பி, மிஷின் எடுக்க மாட்டேங்குது. பெரியவர் வந்ததும் நாளைக்கு வா" என்றார்.

"நாளைக்கு வந்தா அபராதம் போட்டிருவீங்களே சார்?" என்றான் பையன்.

அவருக்கும் பதில் தெரியவில்லை. பையன் புத்தகத்தோடு திரும்பிப் போனான்.

கட்டம் ஏன் ஏற்கவில்லை? பின்னர் விசாரித்ததில் விளங்கியது. நன்றாகத் தட்டச்சு பயின்றவர்கூட ஒரு நொடிக்குப் பத்து எழுத்துக்கு மேல் அடிப்பது அரிது. ஸ்கேனரோ கண் இமைப்பதற்குள் 13 இலக்கங்களையும் அனுப்பிவிடும். இரண்டு விசைகளுக்கு இடையே உள்ள நேரத்தை அளந்தால், அடித்தது மனிதரா கருவியா என்று நிரல் கண்டுபிடித்துவிடலாம். நல்ல உத்திதான். கண் சிமிட்டும் கோடு எங்கே இருந்தாலும், வேகமாக வரும் எழுத்துகளைப் பிடித்துச் சரியான கட்டத்தில் சேர்க்க அது உதவும். ஆனால் அந்த நிரலை எழுதியவர் ஒரு படி மேலே போய், மெதுவாக வருவதையெல்லாம் தவறு என்று அழித்துவிடும்படி எழுதியிருந்தார். மெதுவாக அடிப்பது மனிதனுடைய குணம். அந்தப் பக்கத்தில் மனிதனாக இருப்பதே தவறாகிவிட்டது!

கருவி பழுதாவது குற்றமல்ல. மை கரைவதும் குற்றமல்ல. இவை நடக்கும் என்று எண்ணிப் பார்க்காமல் கதவை அடைத்ததுதான் குற்றம். அந்தக் குற்றத்தின் பலனை அனுபவித்தது யார்? நிரல் எழுதியவர் அல்லர். மேசைக்கு முன்னால் நின்ற சிறுவன்.

ஆகவே என் கருத்து இதுதான். ஸ்கேனரை ஏற்கும் எந்த வலைப்பக்கமும் கையால் எழுதும் வழியையும் வைத்திருக்க வேண்டும். அது சலுகையாக ஒரு மூலையில் ஒளிந்திருக்கக் கூடாது. ஸ்கேனர் எழுதும் அதே கட்டத்தில் மனிதனும் எழுத முடிய வேண்டும்.

"தவறாக அடித்துவிட்டால்?"

நீங்கள் கேட்கலாம்: "கையால் அடித்தால் பிழை வராதா?" வரும். அதற்கான மருந்தை அந்த எண்ணே தன்னுடன் கொண்டுவந்திருக்கிறது. பதின்மூன்றாவது இலக்கம் ஒரு சோதனை இலக்கம்.

8901234567890 என்ற எண்ணை எடுத்துக்கொள்வோம். இடமிருந்து முதல் 12 இலக்கங்களில் 1, 3, 5, 7, 9, 11ஆம் இடங்களில் உள்ளவற்றைக் கூட்டுங்கள்: 8+0+2+4+6+8 = 28. இரட்டைப்படை இடங்களில் உள்ளவற்றைக் கூட்டுங்கள்: 9+1+3+5+7+9 = 34. இதை 3ஆல் பெருக்கினால் 102. இரண்டையும் சேர்த்தால் 130. அடுத்த பத்தின் மடங்குக்கு எவ்வளவு குறைகிறதோ அதுவே சோதனை இலக்கம். 130 ஏற்கெனவே பத்தின் மடங்கு. எனவே சோதனை இலக்கம் 0. எண்ணின் கடைசியில் அதுதானே இருக்கிறது?

இப்போது 1ஐயும் 2ஐயும் இடம் மாற்றி 8902134567890 என்று அடித்துவிட்டதாகக் கொள்வோம். கூட்டிப் பார்த்தால் 27ம் 105ம் சேர்ந்து 132 வரும். சோதனை இலக்கம் 8 ஆக வேண்டும், 0 இருக்கிறது. பிழை அகப்பட்டுக்கொண்டது! ஏதேனும் ஓர் இலக்கத்தை மட்டும் தவறாக அடித்தால் அது ஒருபோதும் தப்பாது. அடுத்தடுத்த இரண்டை மாற்றி அடித்தாலும் பெரும்பாலும் அகப்படும். இரண்டுக்கும் வித்தியாசம் 5 ஆக இருந்தால் மட்டும், அதாவது 1ம் 6ம், 2ம் 7ம் போன்றவை இடம் மாறினால், தப்பிவிடும். ஏன் என்பதை நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள்.

கணக்குக்கு அகப்படாத பிழையும் உண்டே? அதற்குக் கண் இருக்கிறது. எண் ஏற்கப்பட்டதும் புத்தகத்தின் பெயரைத் திரையில் பெரிய எழுத்தில் காட்டட்டும். 'இதுதானே?' என்று மனிதர் ஒருமுறை பார்த்துக்கொள்ளட்டும். ஸ்கேனர் படித்தபோதும் இது தேவை. ஒரு புத்தகத்தின் சீட்டை மாற்றி வேறொன்றில் ஒட்டியிருந்தால், கருவி மிகச் சரியாகத் தவறான எண்ணைப் படிக்கும்!

இன்னொரு கேள்வியும் வரும்: "கையால் எழுத விட்டால் ஏமாற்ற மாட்டார்களா?" பார்கோடு என்பது பூட்டு அல்ல. யார் வேண்டுமானாலும் அதைப் படம் எடுத்து அச்சிட்டுவிடலாம். கருவி படித்தது என்பதற்காகப் பொருள் எதிரே இருந்தது என்று ஆகிவிடாது. ஏமாற்றைத் தடுக்க வேண்டுமானால், எந்த எண் கையால் எழுதப்பட்டது, யார், எப்போது எழுதினார் என்று ஒரு குறிப்பை நிரலே வைத்துக்கொள்ளட்டும். மாதம் ஒருமுறை அதைப் பார்த்தால், எந்தச் சீட்டுகள் நைந்துபோயின என்றும் தெரிந்துவிடும். இதுவும் ஒரு லாபம்தானே?

அரிசி வாங்கும் இடத்தில்

நூலகத்தில் அந்தச் சிறுவனுக்கு நஷ்டம் என்றால் சில ரூபாய்தான். இதே சங்கடம் அரிசி வாங்கும் இடத்தில் நேர்ந்தால்?

தமிழ்நாட்டில் 2017 ஏப்ரல் முதல் பழைய குடும்ப அட்டைகளுக்குப் பதிலாக ஸ்மார்ட் அட்டைகள் வழங்கப்பட்டன. இரண்டு கோடிக்கும் அதிகமான குடும்பங்களிடம் அட்டைகள் இருக்கின்றன. அட்டையில் கட்டம் கட்டமாக ஒரு குறியீடு இருக்கும். வீட்டு அட்டையை எடுத்துப் பாருங்கள். அதுதான் க்யூஆர் குறியீடு. 1994இல் ஜப்பானின் டென்சோ நிறுவனத்தில் மசாகிரோ ஹாரா குழுவினர் உருவாக்கியது. கோடுகளுக்கு உயரம் துணை நிற்பதுபோல், இதற்குக் கூடுதல் செய்தி துணை நிற்கிறது. உயர்ந்த பாதுகாப்பு நிலையில் அச்சிட்டால், ஏறக்குறைய 30 விழுக்காடு சிதைந்தாலும் மீட்டுப் படிக்கலாம். ரேஷன் கடைகளில் கையடக்கக் கருவி இந்தக் குறியீட்டைப் படித்துக் குடும்பத்தின் கணக்கைத் திறந்தது. 2020 அக்டோபரில் கைரேகைச் சரிபார்ப்பும் வந்தது.

இவற்றால் நன்மை இல்லை என்று சொல்ல மாட்டேன். யார் பெயரில் என்ன வழங்கப்பட்டது என்பது உடனுக்குடன் பதிவாகிறது. குடும்பத்துக்குச் செய்தியும் போகிறது. ஆனால் 30 விழுக்காட்டுக்கு மேல் தேய்ந்த அட்டையும் உலகில் உண்டு. பல ஆண்டுகள் மண்வெட்டி பிடித்துத் தேய்ந்துபோன விரல்களும் உண்டு. அதனால்தான் நேரில் வர முடியாத முதியவர்களும் நோயாளிகளும் படிவம் எழுதிக் கொடுத்து வேறொருவரை அனுப்பிப் பொருள் பெற வழி செய்திருக்கிறார்கள். அந்த மாற்றுவழியை நான் இயந்திரத்தின் தோல்வியாக நினைக்கவில்லை. இயந்திரத்தை ஏற்பாடு செய்தவர்களின் அறிவு என்றே நினைக்கிறேன். வழி இருந்தால் மட்டும் போதாது; மேசைக்குப் பின்னால் இருப்பவருக்கும் முன்னால் நிற்பவருக்கும் அது தெரிந்திருக்கவும் வேண்டும்.

நீங்கள் செய்து பாருங்கள்

முதலில் காசு செலவில்லாத ஒரு சோதனை. சிவப்புக் கண்ணாடித்தாள் ஒரு துண்டு எடுத்து, அதன் வழியாக வெவ்வேறு பொட்டலங்களின் கோடுகளைப் பாருங்கள். கறுப்பும் கருநீலமும் தெளிவாகத் தெரியும். வெள்ளைத் தாளில் சிவப்பு மையால் கோடு போட்டுப் பாருங்கள், மறைந்தே போகும்! பல ஸ்கேனர்கள் சிவப்பு ஒளியில் பார்ப்பவை. வெள்ளையில் சிவப்புக் கோடு ஏன் அச்சிடுவதில்லை என்று இப்போது புரிகிறதா?

அடுத்து, உங்கள் பள்ளி நூலகத்துக்கு ஒரு சிறு வலைப்பக்கம் எழுதுங்கள். ஒரே ஒரு கட்டம் போதும். எண்ணை எழுத்தாகச் சேமியுங்கள். சோதனை இலக்கத்தைச் சரிபாருங்கள். புத்தகத்தின் பெயரைக் காட்டுங்கள். ஸ்கேனர் இல்லாவிட்டால் கவலை வேண்டாம். செல்பேசியின் காமிராவாலும் கோடுகளைப் படிக்கலாம். இதற்கான வசதி சில பிரவுசர்களில் உள்ளேயே இருக்கிறது, மற்றவற்றுக்குத் தனி நிரல் துணை வேண்டும். பயன்படுத்துபவரின் அனுமதியைக் கேட்ட பிறகே காமிரா திறக்கும்.

பக்கம் தயாரானதும் சோதிப்பீர்கள் அல்லவா? புத்தம் புதிய புத்தகத்தைக் காட்டி 'பீப்' ஒலித்ததும் கைதட்டிவிடாதீர்கள். ஒரு சீட்டை நனையுங்கள். ஒன்றைக் கிழியுங்கள். ஸ்கேனரின் கம்பியைக் கழற்றிவிடுங்கள். பிறகு உங்கள் தமிழாசிரியரை அழைத்து, "ஐயா, இந்தப் புத்தகத்தைத் திருப்பிப் பதிவு செய்யுங்கள்" என்று சொல்லி, ஒதுங்கி நின்று பாருங்கள். நீங்கள் ஒரு வார்த்தையும் பேசாமல் அவர் வேலையை முடித்துவிட்டால், உங்கள் நிரல் தேறிவிட்டது.

நாளைக்கு உங்களில் சிலர் மருத்துவமனைக்கும் வங்கிக்கும் ரயில் நிலையத்துக்கும் இப்படிப் பக்கங்கள் எழுதப் போகிறீர்கள். நீங்கள் எழுதும் ஒவ்வொரு கட்டத்துக்கு முன்னாலும் யாரோ ஒருவர் கையில் நைந்த சீட்டோடு நிற்பார். அவரை 'நாளைக்கு வா' என்று அனுப்பிவிடாத கட்டமாக அது இருக்கட்டும்.